முதல் பாகத்தில் செத்துப்போனவள்

என் ஓரகத்தி சினிமாவில் கதாநாயகியாக நடிக்கிறாள் என்ற செய்தி மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கப் பரவிய நேரம். கோயில் வாசலில் ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு ரொம்பப் பெருமையா இருக்கும் இல்ல?" என்று கேட்டார். "இருக்காதா பின்ன?" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கைப்பையைத் தூக்கிச் சோபாவில் எறிந்தேன். பெருமையாம் பெருமை! எனக்கு வயிறு பற்றி எரிந்துகொண்டிருந்தது.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தனாரின் மனைவி. சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள். கல்யாணம் ஆனதும் எங்கள் வரிசையிலேயே இரண்டு வீடு தள்ளிக் குடிவந்தார்கள். சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் உட்காருகிறாள். ஏதாவது நல்லதாகச் சமைத்தால் முதல் கிண்ணம் என் வீட்டுக்கு வரும். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வந்து நிற்பாள். நல்லவள். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் பொறாமைப்படுவதற்கு எனக்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

நடிப்பு என்பது எங்கள் குடும்பத்தில் என்னுடைய சொத்து. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில் அழுகிற வேஷம் என்றால் வாத்தியார் வேறு யாரையும் தேட மாட்டார். கோயில் திருவிழா நாடகங்களில் நான் மேடையில் அழ, கீழே சேலைத் தலைப்பில் மூக்கைச் சிந்தியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிறகு கல்யாணம், குடும்பம், பல் கிளினிக்கில் பெயர் பதிகிற வேலை. வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களிடம் "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்பதுதான் அப்புறம் எனக்கு வாய்த்த வசனம். இவளோ ஒரு பள்ளி மேடையில்கூட ஏறியதில்லை. கூட்டத்தில் நாலு பேர் பார்த்தாலே கழுத்தைச் சொறிவாள்.

எங்கள் தாமானில் கல்யாண வீடியோ எடுக்கிற தம்பி ஒருவர் உண்டு. நல்ல பையன். திடீரென்று ஒரு நாள் சினிமா எடுக்கப் போவதாகச் சொன்னார். திகில் படம். மெர்சிங் ஜெட்டியில் ஒரு மீன்பிடிப் படகு ஆள் இல்லாமல் வந்து ஒதுங்குகிறது. அதிலிருந்து ஒரு வைரஸ் ஊருக்குள் புகுந்துவிடுகிறது. கண் சிவந்து, இருமி இருமி ஆட்கள் சாகிறார்கள். அப்போது கோவிட் என்ற பெயரையே நாங்கள் கேள்விப்பட்டதில்லை. "இப்படியெல்லாம் எங்கயாச்சும் நடக்குமா லா?" என்று கேட்டுச் சிரித்தவள் நான்தான்.

"அக்கா, உங்களுக்கு ரெண்டு வேஷம் வச்சிருக்கேன்," என்றார் டைரக்டர் தம்பி. "ஒண்ணு, ஆஸ்பத்திரியில சாகற அம்மா. இன்னொண்ணு, அங்கேர்ந்து தப்பிச்சு ஓடற பொம்பள. ஓடறதுக்கு வசனம் கிடையாது. எது வேணும்?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சாகிற வேஷம் என்றால் இருமல், கண்ணீர், பிள்ளையைக் கூப்பிட்டு நாலு வார்த்தை, கடைசி மூச்சு. ஓடுகிறவளை யார் பார்ப்பார்கள்? "நான் சாகறேன் தம்பி" என்றேன். பல் கிளினிக்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

சிம்பாங் ரெங்கம் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பழைய தோட்டத்து ஆஸ்பத்திரியில் படப்பிடிப்பு. அந்தப் பாதை ஓரகத்திக்குத்தான் தெரியும் என்பதால் அவள் கார் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுகச் செத்துப் பார்த்துக்கொண்டே போனேன். "பயமா இருக்குக்கா, நிறுத்துங்க" என்று கெஞ்சினாள். எல்லோருக்கும் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், பொட்டலம் கட்டி எடுத்து வந்திருந்தாள். அங்கே போனால், ஓடுகிற வேஷத்துக்குச் சொல்லி வைத்திருந்த பெண் வரவில்லை. டைரக்டர் தம்பி பொட்டலத்தைப் பிரித்தபடியே இவளைப் பார்த்தார்.

"அண்ணி, நீங்க ஓடறீங்களா?"

"ஐயோ, நான் மாட்டேன்," என்றாள். நான்தான், சத்தியமாக நான்தான், "சும்மா ஓடிட்டு வாடி, யாரு பாக்கப் போறா" என்று முதுகில் தள்ளிவிட்டேன்.

ஓடினாள். பாதி வழியில் ஒரு சிலிப்பர் வார் அறுந்து பின்னால் கிடந்தது. பின்னால் இருமிக்கொண்டு துரத்துகிற கூட்டம். இவள் நின்றாள், திரும்பி வந்தாள், துரத்துகிறவர்களைப் பார்த்து "இருங்க இருங்க" என்று கையைக் காட்டிவிட்டு, சிலிப்பரை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபடி ஓடினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரும்ப எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். "இதுவே இருக்கட்டும்," என்றார் டைரக்டர் தம்பி.

மத்தியானம் நான் செத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே செத்தேன். விளக்குப் பிடித்திருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் வினை. பிணத்தைக் கிடத்தி மாலை போட்டு, மூக்கில் பஞ்சு வைத்து, வெள்ளைத் துணி போர்த்தி எடுக்க வேண்டும். பஞ்சு மூக்கில் ஏறியதும்தான் இது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று எனக்கு உறைத்தது. கழுத்தில் தாலி, அதன்மேல் பிண மாலை. என் வீட்டுக்காரர் அந்த நேரம் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார். எல்லைப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வரவேண்டிய மனிதர்.

எங்கள் ஆட்களுக்கு இது தெரியும். சினிமாவில் பிணமாகப் படுத்தவர்கள் அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடக் கூடாது. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் திறந்து, அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். நான் சாகவில்லை, பார், சிரிக்கிறேன் என்று காட்டுவதற்கு. அதன்பிறகு பூசணிக்காய் சுற்றி உடைக்க வேண்டும். டைரக்டர் தம்பிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் கேமராக்காரர் கொஞ்ச நாள் சென்னையில் வேலை பார்த்தவர். "சிரிக்காம எழுந்திரிக்கக் கூடாதுக்கா, கேமராவ நான் நிறுத்த மாட்டேன்," என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்.

துணியை விலக்கினார்கள். கண்ணைத் திறந்தேன். சிரிப்பு வந்தால்தானே! உதடு நடுங்குகிறது, அழுகைதான் முட்டிக்கொண்டு வருகிறது. "சிரிங்கக்கா, சிரிங்கக்கா" என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் ஓரகத்தி ஒரு கையில் துண்டும் ஒரு கையில் அந்த அறுந்த சிலிப்பருமாக நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். சட்டென்று சிலிப்பரை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, கிரீடம் வைத்த மகாராணி மாதிரி முகத்தைத் தூக்கினாள். செருப்பைப் போய்த் தலையில் வைப்பாளா ஒருத்தி! மூக்கில் பஞ்சோடு நான் சிரித்துவிட்டேன். பூசணிக்காயை உடைத்துவிட்டு, மீதியிருந்த நாசி லெமாக்கைச் சாப்பிட்டுவிட்டு வீடு வந்தோம்.

படம் வந்தது, போனது. தியேட்டரில் எங்கள் சொந்தக்காரர்களைத் தவிர வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பிறகு கோவிட் வந்து எல்லோரையும் வீட்டுக்குள் போட்டுப் பூட்டியது. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் போனில் எதை எதையோ தேடிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அலாமாக், எங்கள் படம் கையில் அகப்பட்டுவிட்டது! அதில் அவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தது எதை? என் கடைசி மூச்சையா? அவளுடைய சிலிப்பரை. "வைரஸ் வந்தாலும் சிலிப்பர விடாத அக்கா" என்று யாரோ துண்டாக வெட்டிப் போட, அது ஜொகூர் முழுக்கச் சுற்றி, எனக்கே பதினைந்து பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அவள் பெயர் சிலிப்பர் அக்கா. சந்தையில், கோயிலில், கல்லாவில் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் "நீங்க அந்தச் சிலிப்பர் அக்காதானே?" என்கிறார்கள்.

என் சாவைப் பற்றியும் ஒருவன் எழுதியிருந்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். "இந்த அம்மா சாகறதுக்குள்ள நமக்கு வயசாயிடும் போல லா." கீழே ஒரு கும்பல் சிரித்து வைத்திருந்தது. அவன் மட்டும் பல் வலி என்று எங்கள் கிளினிக்குக்கு வரட்டும் என்று காத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டைரக்டர் தம்பி தட்டு நிறையப் பழத்தோடு வந்தார். என் வீட்டைத் தாண்டி, இரண்டு வீடு தள்ளிப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் நானும் போனேன்.

"ரெண்டாம் பாகம்கா," என்றார் என்னிடம். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "வைரஸ் திரும்பி வருது. போன தடவ தப்பிச்சவங்களத் தேடி வருது. அண்ணிதான் ஹீரோயின்."

ஓரகத்தி கழுத்தைச் சொறிந்தாள். நான் கறிவேப்பிலையைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே கேட்டேன். "எனக்கு என்ன வேஷம் தம்பி?"

அவர் தட்டிலிருந்த பழங்களை அடுக்கிச் சரிசெய்தார். "அக்கா, நீங்க செத்துட்டீங்க லா."

"தெரியும். அதனால என்ன? செத்தவளுக்கு ஒரு இரட்டைத் தங்கச்சி இருக்கக்கூடாதா?"

"அது பழைய படத்துல வர்ற மாதிரி இருக்கும்கா."

"கனவுல வர்றேன்."

"நீளம் அதிகமாயிடும்."

"சரி, பேயா வர்றேன்."

"இது வைரஸ் படம்கா, பேய்ப்படம் இல்ல."

"வைரஸ் திரும்பி வரலாம், நான் வரக்கூடாதா?" என்றேன். குரல் உடைந்துவிட்டது. நடிப்பு இல்லை. ஓரகத்தி எழுந்து, "அப்போ எனக்கும் வேணாம்," என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு இன்னும் எரிச்சல். எனக்குக் கிடைக்காததை அவள் விட்டுக்கொடுத்து நான் வாங்க வேண்டுமா? "ஏன், என்னால உன் வாய்ப்புப் போச்சுன்னு ஊரே பேசணுமா? ஒழுங்கா போய் நடி," என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். கையெல்லாம் கறிவேப்பிலை நாற்றம்.

வீட்டுக்காரரிடம் புலம்பினால், "போன தடவ மாலையோட பாத்ததே எனக்கு ரெண்டு நாளு தூக்கமில்ல. பேசாம இரு," என்றார். ஆறுதல் சொல்லத் தெரிந்த மனுஷனா அவர்?

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் சாயங்காலம் அவள் என் அடுப்படிக்கு வந்துவிடுவாள். "எனக்கு இருமவே வரலக்கா. நீங்கதான் சொல்லித் தரணும்." இரண்டாம் பாகத்தில் அவளுக்கும் நோய் தொற்றுகிறதாம். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, முகம் கொடுக்காமல் சொல்லித் தருவேன். "தொண்டையில இருமாத. வயித்துலேர்ந்து வரணும். இருமி முடிச்சிட்டு மூச்சு வாங்காத, கொஞ்சம் நிறுத்து. வந்துச்சா, வரலையான்னு பாக்கறவன் முழிக்கணும்." அது என் இருமல். எத்தனையோ மேடையில் இருமி இருமி நான் கண்டுபிடித்தது. முதலில் கோழி கொக்கரிப்பது மாதிரி இருமினாள். அப்புறம் ஒரு நாள் மாவு சலித்துக்கொண்டிருந்தவள் இருமியபோது நான் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். "வந்திருச்சாக்கா?" என்று கண்ணை விரித்துக் கேட்டாள். "பரவாயில்ல," என்றேன்.

படப்பிடிப்புக்கு அவள் மெர்சிங் போய்விட்டாள். அவள் வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. ஊற்றினேன். அவளுடைய ரோஜாவைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் கை சுருங்கியது. கொழுந்தனார் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தினமும் போனை நீட்டுவார். ஜெட்டியில் நிற்கிறாள், படகில் உட்கார்ந்திருக்கிறாள், ஒருத்தி அவளுக்குக் குடை பிடிக்கிறாள். "நல்லா இருக்கு இல்ல அண்ணி?" என்பார். "குழம்பு ஊத்தவா?" என்பேன். குடை பிடிக்கிறார்களாம் குடை. எனக்கு மூக்கில் பஞ்சு வைத்தார்கள்.

முதல் காட்சி ஜொகூர் பாருவில், ஒரு பேரங்காடித் தியேட்டரில். அன்று காலையிலிருந்தே எனக்குத் தலைவலி. நானே வரவழைத்துக்கொண்டதுதான். நெற்றியில் தைலத்தைத் தடவிக்கொண்டு படுத்திருந்தேன். பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக ஓரகத்தி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க வரலன்னா நானும் போகல."

"ஹீரோயின் போகாம எப்படி?"

"போகல," என்றாள் மறுபடி. சேலை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் என் பக்கத்திலேயே காலை நீட்டிப் படுத்துவிட்டாள். அவ்வளவு பிடிவாதம் அவளிடம் நான் பார்த்ததே இல்லை. வேறு வழியில்லாமல் எழுந்து முகம் கழுவினேன்.

தியேட்டரில் எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. படம் ஆரம்பித்தது. நன்றாக இருந்துவிடக் கூடாதே என்று பார்த்தேன். நன்றாக இருந்தது. அவள் இருமும் இடத்தில் கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. பின்னால் ஒருவர், "இது நெஜமாவே இருமற மாதிரி இருக்குடா," என்றார். என் இருமல், என் அடுப்படி, என் வெங்காயம், பெயர் மட்டும் அவளுக்கு. நான் சேலைத் தலைப்பை விரலில் சுற்றி முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் அவள் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போகிறாள். வைரஸ் எங்கே உயிரோடு இருக்கிறது என்று தேடிக்கொண்டு. நீண்ட நடைவழியில் ஒரு கட்டில், அதில் வெள்ளைத் துணி போர்த்திய உடம்பு. அவள் துணியை நுனியில் பிடித்து இழுக்கிறாள். மாலை போட்ட ஒரு பிணம். மூக்கில் பஞ்சு. யாரோ பாவம் என்று நினைத்தேன்.

பிணம் கண்ணைத் திறந்தது. உதடு நடுங்கியது. நேராகப் பார்த்தது. மெல்ல மெல்ல வாய் விரிந்து, பல் தெரிந்து, முகமெல்லாம் மலர்ந்து சிரித்தது.

தியேட்டரே அலறியது. எனக்கு முன்னால் இருந்தவர் கையிலிருந்த சோளப்பொரி பறந்து வந்து என் மடியில் விழுந்தது. யாரோ "அம்மா!" என்று கத்தினார். ஒரு ஆள் எழுந்தே நின்றுவிட்டார். அது நான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோஷம் கழிய வேண்டுமென்று சிரித்த சிரிப்பு. படத்தில் வராது என்று நம்பிச் சிரித்த சிரிப்பு.

பக்கத்தில் ஓரகத்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "சொல்லக்கூடாதுன்னு டைரக்டர் சத்தியம் வாங்கிட்டாருக்கா," என்று என் காதில் சொன்னாள். "பழசையெல்லாம் போட்டுப் பாத்தப்போ கெடச்சதாம். மிரண்டுட்டாராம் மனுஷன். எனக்கு மட்டும் அதப் பாத்தா பயமே வரலக்கா."

எப்படி வரும்? அந்த முகம் அவளைப் பார்த்துச் சிரித்த முகம். அதற்கப்புறம் அவளைப் பார்த்து நான் அப்படிச் சிரித்ததே இல்லை. சிலிப்பர் ஊரெல்லாம் சுற்றிய நாளிலிருந்து வாயால் சிரித்திருக்கிறேன், அவ்வளவுதான். அவள் கையை எடுத்து என் மடியில், சோளப்பொரிக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.

அதனால் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வெளியே வந்ததும் எல்லோரும் அவளைத்தான் மொய்த்தார்கள். படம் எடுக்க வரிசை நின்றது. நான் அவளுடைய கைப்பையையும் என்னுடைய கைப்பையையும் தூக்கிக்கொண்டு தூணோரம் ஒதுங்கினேன். மறுபடி வயிற்றில் அதே எரிச்சல், பழகிய எரிச்சல். அப்போது ஒரு இளம்பெண் என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

"ஐயோ, நீங்கதானே அந்தப் பொணம்!"

அவ்வளவுதான். பாதிக் கூட்டம் என் பக்கம் திரும்பியது. போன்கள் உயர்ந்தன. எத்தனை வருஷம் காத்திருந்தேன் இதற்கு! "அக்கா, அதே மாதிரி ஒரு தடவ சிரிங்கக்கா," என்றாள் அந்தப் பெண். சிரித்தேன். "அப்படி இல்லக்கா, படத்துல சிரிச்ச மாதிரி." பல்லை இன்னும் காட்டினேன். கண்ணை விரித்தேன். "அது வரலக்கா," என்று அவள் போனைத் தாழ்த்தினாள். அழச் சொன்னால் அந்த இடத்திலேயே ஒரு குடம் அழுதிருப்பேன். சிரிப்பு எங்கிருந்து வரும்? பல் கிளினிக்கில் சிரிக்கிற சிரிப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. ஓரிருவர் விலக ஆரம்பித்தார்கள்.

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி அதைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் நின்று யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிவிட்டுக் குனிந்தாள். நாலு பேர் பார்த்தாலே கழுத்தைச் சொறிகிறவள், அத்தனை பேருக்கும் முன்னால், பட்டுச்சேலையோடு, கல் பதித்த புதுச் செருப்பில் ஒன்றைக் கழற்றி, மல்லிகைப்பூவுக்கு மேலேயே தலையில் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கினாள்.

நான் சிரித்துவிட்டேன். எதிரில் போனைப் பிடித்திருந்த பெண் பயந்துபோய் இரண்டடி பின்னால் போனாள்.